ஆள்காட்டி விரட்டிய எருமை

ஆள்காட்டிக் குருவிக்கு வாய் சும்மாவே இருக்காது. சதுப்புக்குள் ஒரு நாய் நுழைந்தால் கத்தும். கரையில் ஒரு மனிதன் தும்மினால் கத்தும். ஒன்றுமே நடக்காவிட்டால், ஏன் ஒன்றும் நடக்கவில்லை என்று கத்தும். ஆள் வருவதை ஊருக்கெல்லாம் காட்டிக்கொடுப்பதால்தான் அதற்கு அந்தப் பெயரே வந்தது.

அது இருந்த சதுப்பு ஒரு பெரிய பட்டணத்தின் தெற்கு ஓரம். ஒரு பக்கம் அடுக்குமாடி வீடுகள். மறுபக்கம் கடலுக்குப் போகும் உப்பங்கழி. நடுவில் புல்வெளி, கோரை, முழங்கால் ஆழத் தண்ணீர். பல வருஷமாக மனிதர்கள் அங்கே குப்பை கொட்டினார்கள். சீமைக்கருவேலம் மண்டிப்போயிற்று. பிறகு என்ன தோன்றியதோ, அதே மனிதர்கள் பொக்லைன் வண்டியோடு வந்தார்கள். குப்பையை அள்ளினார்கள். முள்மரங்களை வேரோடு பிடுங்கினார்கள். தூர்ந்து கிடந்த கால்வாயைத் திறந்துவிட்டார்கள். மழைத் தண்ணீரும் கடல் தண்ணீரும் மறுபடியும் உள்ளே வந்து போயின. பறவைகள் திரும்பின.

கடைசியில் 'பாதுகாக்கப்பட்ட சதுப்பு நிலம்' என்று ஒரு பச்சைப் பலகையை நட்டு, அதன் முன்னால் நின்று போட்டோ எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். பலகை நட்டால் வேலை முடிந்தது என்று மனிதர்களுக்கு ஒரு நினைப்பு! அந்த நினைப்பு பறவைகளுக்கும் தொற்றிக்கொண்டது. வினையே அங்கேதான் ஆரம்பித்தது.

பலகைக்குப் பக்கத்தில் வேலியில் ஓர் இடைவெளி உண்டு. அதன் வழியாகத் தினமும் காலையில் பன்னிரண்டு எருமைகள் உள்ளே வரும். பால்காரர் தேசப்பனின் எருமைகள். பாலைக் கறந்ததும் அவர் அவிழ்த்துவிட்டுவிடுவார். பொழுது சாய்ந்தால் அவையே வீடு திரும்பும். முன்னால் நடப்பது சுட்டி. நெற்றியில் வெள்ளைப் புள்ளி இருந்ததால் அந்தப் பெயர். பெரிய உடம்பு, பொறுமையான குணம், பார்வை மட்டும் கொஞ்சம் மங்கல். மேயும், வெயில் ஏறினால் சேற்றில் புரளும், சாணி போடும், வீட்டுக்குப் போகும். அதைப் பார்த்து யாரும் "ஆகா!" என்று சொன்னதில்லை.

சித்திரை மாதம். ஆள்காட்டி குட்டைப் புல் நடுவே, வெறும் தரையில், நாலு முட்டை இட்டது. கூடு கீடு எதுவும் கிடையாது. சுற்றிவரக் கொஞ்சம் கூழாங்கல், அவ்வளவுதான். முட்டையும் மண் நிறம். கிட்டே போய்க் குனிந்தாலும் கல்லா முட்டையா என்று தெரியாது.

வெயில் கொளுத்தியது. முட்டை வெந்துவிடக் கூடாதே! அதனால் ஆள்காட்டி தண்ணீருக்கு ஓடும். வயிற்று இறகை நனைத்துக்கொண்டு வந்து முட்டைமேல் உட்காரும். அது போய்வரும் வரை புருஷன் காவல் நிற்கும்.

அன்றைக்கும் அப்படித்தான் தண்ணீருக்குப் போயிற்று. தண்ணீரோரம் கோரைபோல் உயர்ந்து வளர்ந்த சம்புப் புதரில் நீலக்கோழி நின்றிருந்தது. நீல உடம்பு, சிவப்பு மூக்கு, யாரையும் மதிக்காத நடை.

"ஏய், இங்க வந்து ஏன் முங்குறே? தண்ணி கலங்குது!" என்றது நீலக்கோழி.

"ஓகோ! இது உங்கப்பன் வெட்டின குளமா?"

"என் அப்பனப் பத்திப் பேசாதே! கூடு கட்டத் தெரியாத குடும்பம்தானே உன்னுது!"

அவ்வளவுதான். பிடித்துக்கொண்டது சண்டை. ஏழு தலைமுறையையும் இழுத்துப்போட்டுத் திட்டிக்கொண்டார்கள். ஆள்காட்டி வந்த வேலையை மறந்தே போயிற்று. அந்த நேரம் பார்த்து ஒரு காகம் வந்தது. காவல் இருந்த புருஷன் அதைத் துரத்திக்கொண்டு கால்வாய் வரை போய்விட்டது. சுட்டி தலையைக் குனிந்து மேய்ந்தபடியே அந்தப் பக்கம் வந்தது.

ஆள்காட்டி திரும்பியபோது மூன்று முட்டைதான் இருந்தது. நாலாவது ஒரு குளம்படிப் பள்ளத்துக்குள் நசுங்கிக் கிடந்தது.

ஐயோ, அது போட்ட கூச்சல்! உப்பங்கழி வரை கேட்டது.

"கொலைகாரி! என் புள்ளைய மிதிச்சுட்டாளே! வாங்க எல்லாரும், வந்து பாருங்க!"

சதுப்பே திரண்டது. நீலக்கோழி வந்தது. நெட்டைக்கால் உள்ளான்கள் வந்தன. கொக்கு வந்தது. கடைசியாக, கருவேலத்தைப் பிடுங்கிய வேர்க்குழியில் குடியிருந்த நரியும் கண்ணைத் துடைத்துக்கொண்டே வந்தது. ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுததாம். நரி முட்டைக்காக அழுதால் கொஞ்சம் யோசிக்க வேண்டாமா? ஒருவரும் யோசிக்கவில்லை.

"அழாதே தங்கச்சி, எனக்கு மனசு ஆறல!" என்றது நரி. "நான் ஒண்ணு கேக்கிறேன், எல்லாரும் சொல்லுங்க. பலகையில என்ன எழுதியிருக்கு? பாதுகாத்த இடம்! யாருக்குப் பாதுகாத்தது? பறவைக்கா, பால்காரர் எருமைக்கா? புல்லைப் பூரா இதுக தின்னுது. தண்ணிய உழப்புது. வழியெல்லாம் சாணி. இன்னிக்கு ஒரு முட்டை. நாளைக்கு?"

"எருமைய விரட்டுங்க!" என்று நீலக்கோழி கத்தியது. எருமைகள் இளஞ்சம்பைக் கடிப்பது அதற்கு வெகுநாளாகவே பிடிக்கவில்லை.

"விரட்டுங்க! விரட்டுங்க!" என்றன மற்றவை.

சுட்டி நசுங்கிய முட்டையையே பார்த்துக்கொண்டிருந்தது. பிறகு மெதுவாகச் சொன்னது: "மிதிச்சது என் கால்தான். கண்ணு சரியாத் தெரியல. வேற யார் மேலயும் பழி சொல்ல மாட்டேன். என்ன செய்யணும், சொல்லு."

"இனிமே இந்தச் சதுப்புல கால் வைக்கக் கூடாது!" என்றது ஆள்காட்டி.

"சரிம்மா. வைக்கல."

சுட்டி திரும்பி நடந்தது. பதினோரு எருமைகளும் பின்னால் போயின. "எங்கம்மா போறோம்?" என்று ஒரு கன்று கேட்டது. "எங்கயாவது" என்றது சுட்டி.

முட்டையை விட்டுவிட்டு நீ எங்கே போயிருந்தாய் என்று ஆள்காட்டியை யாரும் கேட்கவில்லை. அதுவும் சொல்லவில்லை. சண்டை போட்ட நீலக்கோழியும் வாயைத் திறக்கவில்லை. ஊருக்கெல்லாம் எல்லாவற்றையும் சொல்லும் ஆள்காட்டியின் வாய், அதை மட்டும் உள்ளேயே வைத்துக்கொண்டது.

மிச்சம் இருந்த மூன்று முட்டையும் பொரிந்தன. மூன்று குஞ்சும் பிழைத்துப் பறந்தன.

ஐப்பசி மழை வந்தது. என்ன புல் அது! இடுப்பளவு வளர்ந்து காற்றில் அசைந்தது. "பார்த்தியா? எருமை போனதும் மண்ணுக்கே உயிர் வந்துடுச்சு!" என்று எல்லோரும் பூரித்தார்கள். மனிதர்கள் கூட வந்து, பலகை முன்னால் நின்று, இன்னொரு போட்டோ எடுத்துக்கொண்டு போனார்கள்.

மார்கழியில் சம்பு கரையை விட்டுத் தண்ணீருக்குள் இறங்கியது. தையில் குளத்தின் நடுவுக்கே வந்துவிட்டது. அப்போதுதான் வடக்கேயிருந்து கிளுவை வாத்துகள் வந்தன. வருஷா வருஷம் ஆயிரம் மைல் பறந்து அங்கேதான் இறங்கும். மேலேயே வட்டமடித்தன.

"தண்ணி எங்கே?" என்று ஒரு கிளுவை கேட்டது.

"கீழதான் இருக்கு, இறங்குங்க!" என்றது ஆள்காட்டி.

"எங்க இறங்குறது? எங்க பார்த்தாலும் சம்புதானே இருக்கு! கால் வைக்க இடம் இல்லையே!"

மூன்று சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டுத் தெற்கே போய்விட்டன. களைத்துப்போன சிறகோடு அவை போவதைப் பார்க்க ஆள்காட்டிக்கே மனசு கஷ்டமாக இருந்தது.

அடுத்த வாரம் உள்ளான்கள் மூட்டை கட்டின. "குளம்படிப் பள்ளத்துல தண்ணி நிக்கும், புழு இருக்கும். இப்பப் பள்ளமே இல்ல. பட்டினி கிடக்க முடியாது தாயி" என்று சொல்லிவிட்டுக் கிளம்பின. சாணி இல்லை, அதனால் பூச்சி இல்லை. எருமை புரண்டு உண்டாக்கிய குட்டைகள் தூர்ந்துவிட்டன. கோடையில் மீன்குஞ்சு பிழைப்பதே அந்தக் குட்டைகளில்தான். கொக்கும் போயிற்று.

பங்குனி வந்தது. ஆள்காட்டிக்கு முட்டை இடும் நேரம். காலை முதல் மாலை வரை சதுப்பைச் சுற்றியது. வெறும் தரை ஒரு சாண் கிடைக்கவில்லை. எங்கு பார்த்தாலும் காய்ந்த புல், தலைக்கு மேலே.

"நான் ஒரு இடம் பார்த்து வச்சிருக்கேன்" என்றது புருஷன். "அந்த அடுக்குமாடியில மூணாவது கட்டடம். மொட்டை மாடி. கூழாங்கல் கூடக் கிடக்கு."

"குஞ்சு பொரிச்சா எப்படிங்க கீழ இறங்கும்? லிஃப்ட்லயா?"



கடைசியில் இரண்டும் சேர்ந்து, புல்லுக்கு நடுவே கொஞ்சம் இடத்தை மிதித்து மிதித்துச் சமமாக்கின. அங்கே நாலு முட்டை. ஆள்காட்டி உட்கார்ந்து சுற்றிப் பார்த்தது. நாலு பக்கமும் புல். வானம் மட்டும் தெரிந்தது. எது வந்தாலும் தூரத்திலேயே கண்டுபிடித்துக் கத்துவதுதான் அதற்கிருந்த ஒரே ஆயுதம். இப்போது அதன் கண்ணையே கட்டிவிட்டாற்போல் ஆயிற்று.

ஒன்பதாம் நாள் காலை. புல் சலசலத்தது. காற்று என்று நினைத்தது. மறுபடி சலசலத்தது. திரும்பிப் பார்த்தால், ஒரு முழம் தள்ளி நரியின் மூக்கு!

ஆள்காட்டி கத்திக்கொண்டே எழும்பியது. புருஷன் மேலிருந்து பாய்ந்து பாய்ந்து கொத்தியது. நரி அசையவே இல்லை. ஒன்று, இரண்டு, மூன்று, நாலு. நிதானமாகத் தின்றுவிட்டு மீசையை நக்கிக்கொண்டது.

"பாவி! என் முட்டைக்காக நீ அழுதியே!"

"அழுதேன்தான். வீணாப் போச்சேன்னு அழுதேன்" என்றது நரி. "போன வருஷம் என்னால உன் பக்கம் வர முடிஞ்சுதா? நூறு அடிக்கு அந்தப் பக்கமே பார்த்துக் கத்திடுவே. இப்ப எவ்வளவு சௌகரியம்! புல்லு வளர்த்துக் கொடுத்தவளே நீதானே தங்கச்சி?"

சொல்லிவிட்டு அது புல்லுக்குள் நுழைந்தது. அடுத்த நொடி அது இருந்த சுவடே தெரியவில்லை.

ஆள்காட்டி அன்று முழுதும் கத்தவில்லை. வெறுங்குழியைப் பார்த்துக்கொண்டு நின்றது. எருமை வந்துபோன வருஷம் ஒரு முட்டை போயிற்று. எருமை வராத வருஷம் நாலும் போயிற்று. அதற்குக் கணக்குத் தெரியாது, ஆனால் இது புரிந்துவிட்டது. மறுநாள் புருஷனிடம் சொன்னது: "நான் சுட்டியக்காவப் பார்க்கப் போறேன்."

"எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுப் போவே?"

"இருக்கிற மூஞ்சிய வச்சுக்கிட்டுத்தான்."

எருமைகள் அடுக்குமாடிகளுக்குப் பின்னால், ஒரு கல்யாண மண்டபத்தின் குப்பைத் தொட்டியருகே நின்றிருந்தன. எச்சில் இலை தின்றன. இலையோடு பிளாஸ்டிக் பையும் உள்ளே போயிற்று. சுட்டியின் விலா எலும்பு ஒவ்வொன்றாகத் தெரிந்தது. பக்கத்திலேயே லாரிகள் உறுமிக்கொண்டு போயின.

ஆள்காட்டி எதிரில் போய் இறங்கியது. "அக்கா, திரும்பி வாங்க."

சுட்டி நிமிர்ந்து பார்த்தது. "யாரு, ஆள்காட்டியா? வேண்டாம்மா. என் கால் அதே கால்தான். கண்ணு இன்னும் மங்கிப்போச்சு. மறுபடியும் மிதிச்சுடுவேன். அந்தப் பாவம் எனக்கு வேண்டாம்."

"அக்கா, நான் ஒண்ணு சொல்லணும்." "அன்னிக்கு நான் முட்டை மேல இல்ல. வயித்த நனைக்கப் போனேன். போன இடத்துல நீலக்கோழியோட சண்டை போட்டுக்கிட்டு நின்னேன். நான் அங்க இருந்து கத்தியிருந்தா நீங்க விலகிப் போயிருப்பீங்க. அது எனக்கு அன்னிக்கே தெரியும். தெரிஞ்சும் சொல்லல. பழியப் பூரா உங்க தலையில போட்டுட்டேன்."



"ஒரு வருஷம்" என்றது சுட்டி. "ஒரு வருஷமா அந்த முட்டைய நினைக்காத நாள் இல்ல. கண்ணை மூடினா அந்த ஈரம் கால்ல ஒட்டுறாப்ல இருக்கும்."

"தெரியும் அக்கா. திட்டணும்னா திட்டுங்க. மிதிக்கணும்னா மிதிங்க. ஆனா வந்துடுங்க."

"திட்டி என்ன ஆகப்போகுது!" என்றது சுட்டி. வாயில் இருந்த பிளாஸ்டிக்கைத் துப்பியது. "சரி, நான் வந்தா நீ என்ன செய்வே? அதைச் சொல்லு முதல்ல."

"முட்டைய விட்டு நகர மாட்டேன். எனக்குத் தாகம் எடுத்தா அவரு உட்காருவாரு, அவருக்குத் தாகம் எடுத்தா நான் உட்காருவேன். காகம் வந்தாலும் சரி, கடவுளே வந்தாலும் சரி, ஒருத்தர் முட்டை மேல இருப்போம். நீங்க வர்றப்போ முன்னால நின்னு கத்துவேன்."

"கத்துறது உனக்குச் சொல்லித் தரணுமா!" என்றது சுட்டி. அன்றைக்குத்தான் அது ஒரு வருஷத்துக்குப் பிறகு சிரித்தது.

மறுநாள் காலை பன்னிரண்டு எருமைகளும் வேலி இடைவெளியில் வந்து நின்றன. நரி ஓடிவந்தது.

"அநியாயம்! கொலைகாரியை மறுபடி உள்ள விடுறீங்களா? அந்த முட்டைய மறந்துட்டீங்களா?"

"மறக்கல" என்றது ஆள்காட்டி. "நீ தின்ன நாலையும் மறக்கல. வழிய விடு!"

நீலக்கோழி மட்டும் தயங்கியது. இவ்வளவு சம்பு கிடைத்தும் அதற்குச் சந்தோஷம் இல்லை. சம்பு நெருங்கி நெருங்கி, இடையில் நடக்கக்கூட வழியில்லை. உள்ளே தேங்கிய தண்ணீர் நாறியது. "வரட்டும்" என்றது. "ஆனா எல்லாத்தையும் தின்னுட்டா நான் எங்க குஞ்சு பொரிக்கிறது?"

"கிழக்கு மூலைச் சம்பு உனக்கு. அந்தப் பக்கம் நாங்க தலை வைக்க மாட்டோம்" என்றது சுட்டி. "போதுமா?"

"போதும்" என்றது நீலக்கோழி. கொஞ்சம் யோசித்து, "ஆள்காட்டி, அன்னிக்குத் தண்ணி ஒண்ணும் கலங்கல. நான்தான் சும்மா வம்பு இழுத்தேன்" என்றும் சொன்னது.

எருமைகள் இறங்கின. காய்ந்த புல் நொறுங்கியது. சம்பு சாய்ந்தது. ஒரு நாளில் முடிகிற வேலையா அது? தினமும் வந்தன, தினமும் மேய்ந்தன, தினமும் புரண்டன. சித்திரை போய் வைகாசி போயிற்று. குளத்தின் நடுவே வானம் மறுபடி தெரிந்தது. உள்ளான்கள் ஒவ்வொன்றாக எட்டிப்பார்த்தன. புல் குட்டையாயிற்று. இப்போது நரி எங்கே உட்கார்ந்தாலும் அதன் காது தெரிந்தது! "அதோ காது! அதோ காது!" என்று ஆள்காட்டி கத்தும். மானம் போய் நரி உப்பங்கழிக்கு அந்தப் பக்கம் நண்டு பிடிக்கப் போய்விட்டது.

ஆனி மாதம் ஆள்காட்டி மறுபடியும் முட்டை இட்டது. வெறும் தரை, நாலு முட்டை.

ஒரு நாள் உச்சி வெயிலில், மேய்ந்து முடித்த எருமைகள் குட்டையை நோக்கி வந்தன. நேராக முட்டை இருந்த பாதை. முன்னால் சுட்டி, பின்னால் பதினொன்று, தரை அதிர்ந்தது. ஆள்காட்டி எழுந்து முட்டைக்கு முன்னால் நின்றது. இரண்டு சிறகையும் அகல விரித்தது. தொண்டை கிழியக் கத்தியது. ஓர் அடிகூட நகரவில்லை.

சுட்டி நின்றது. "எந்தப் பக்கம்மா?"

"உங்களுக்கு இடது பக்கம்! இன்னும் கொஞ்சம்! பின்னால வர்றவங்க வலது பக்கம்! கன்னுக்குட்டியப் பிடிங்க!"

சுட்டி இடதுபக்கம் விலகியது. பின்னால் வந்தவை வலதுபக்கம் பிரிந்தன. இரு பக்கமும் குளம்புகள் தொம் தொம் என்று இறங்கின. புழுதி எழும்பி ஒன்றும் தெரியவில்லை. புழுதி அடங்கியபோது நாலு முட்டையும் இருந்தன.

சுட்டி திரும்பிப் பார்த்தது. "ரொம்பப் பயந்துட்டியா?"

"உயிரே போயிடுச்சு அக்கா!"

"அப்ப நாளைக்கு வேற பக்கமா மேயட்டுமா?"

ஆள்காட்டி முட்டைமேல் உட்கார்ந்து, இறகைச் சரிசெய்துகொண்டு, புல்வெளியை ஒரு முறை சுற்றிப் பார்த்தது. "வேண்டாம். இங்கயே வாங்க. வடக்கே புல்லு ரெண்டு விரல் ஏறிடுச்சு."

ஒருவர் செய்த தவறுக்காக அவரை விரட்டும் முன், அவர் செய்துவந்த நன்மையை இனி யார் செய்வார் என்று யோசிக்க வேண்டும்.